கூண்டு இல்லாத கடல்

வீட்டில் பழைய அட்லஸ் ஏதாவது இருந்தால் கொஞ்சம் எடுத்துப் பிரியுங்கள். அமெரிக்காவின் தென்கிழக்கு மூலையில், நாக்கைத் தொங்கப்போட்டது மாதிரி கடலுக்குள் நீண்டிருக்கிறதே, அதுதான் ஃப்ளோரிடா. நாக்கின் நுனியிலிருந்து பாசிமணி அறுந்து விழுந்தது போல வரிசையாகச் சின்னச் சின்னத் தீவுகள். அந்த வரிசையின் கோடியில் இருக்கும் ஊர், கீ வெஸ்ட். அதற்கு நேர் கீழே ஒரு முதலை படுத்திருக்கும் பாருங்கள், அது கியூபா. முதலை என்று நான் சொல்லவில்லை, கியூபாக்காரர்களே தங்கள் தீவை அப்படித்தான் செல்லமாகச் சொல்வார்கள்.

முதலையின் முதுகுக்கும் நாக்கின் நுனிக்கும் நடுவே, மிகக் குறுகலான இடத்தில்கூட 145 கிலோமீட்டர் கடல். ஹவானாவிலிருந்து கீ வெஸ்ட் போவதென்றால் இன்னும் அதிகம், 165 கிலோமீட்டருக்கு மேல். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே இருப்பது சுமார் 30 கிலோமீட்டர்தான். அந்தப் பாக் நீரிணையை மிஹிர் சென் 1966-ல் நீந்திக் கடந்தபோது நாமெல்லாம் மூக்கில் விரல் வைத்தோம். வல்வெட்டித்துறை ஆனந்தன் 1971-ல் போய்விட்டுத் திரும்பியும் வந்தார். பெரிய சாதனைகள்தான், சந்தேகமே இல்லை. ஆனால் இந்தக் கடல் அதைப்போல ஐந்து மடங்கு!

அகலம் மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. நடுவில் கல்ஃப் ஸ்ட்ரீம் ஓடுகிறது. கடலுக்குள் ஓடும் நதி என்று வைத்துக்கொள்ளுங்கள். மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகிற அந்த நீரோட்டத்தின் வேகம், நல்ல பயிற்சி பெற்ற மனிதனின் நீச்சல் வேகத்தைவிட அதிகம். நீங்கள் வடக்கே கீ வெஸ்ட்டைப் பார்த்துக் கையை வீசிக்கொண்டே இருப்பீர்கள். தண்ணீரோ உங்களை அலாக்காகத் தூக்கிக்கொண்டு கிழக்கே பஹாமாஸ் பக்கம் போய்க்கொண்டிருக்கும். அப்புறம் சுறாக்கள். அப்புறம்... சுறாவையே சாதுவாக்கிவிடும் இன்னொரு ஜந்து. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இந்தக் கடலை விளையாட்டுக்காக நீந்தியவர்களைவிட, வேறு வழியில்லாமல் கடக்கப் பார்த்தவர்கள்தான் அதிகம். 1961-ல் அமெரிக்காவும் கியூபாவும் தூதரக உறவை முறித்துக்கொண்டன. அதன்பிறகு பல வருடங்கள் இக்கரைக்கும் அக்கரைக்கும் முறையான உறவே இல்லை. 1994-ஆம் ஆண்டு கோடையில் மட்டும் சுமார் 35 ஆயிரம் கியூபாக்காரர்கள் லாரி டயர் டியூப், மரப்பலகை, எண்ணெய் டிரம் என்று கையில் கிடைத்ததையெல்லாம் கட்டி, அதில் ஏறி வடக்கே கிளம்பினார்கள். கரை சேராமல் போனவர்கள் எத்தனை பேர் என்று கடலுக்குத்தான் தெரியும். நாம் பார்க்கப்போவது சொகுசாக, படகுப் பரிவாரத்தோடு கிளம்பிய ஒரு பெண்மணியின் கதை. இருந்தாலும் அது நடந்த தண்ணீர் எப்படிப்பட்ட தண்ணீர் என்பதை மறந்துவிடக் கூடாது, இல்லையா?

அந்தப் பெண்மணியின் பெயர் டயானா நயாட். 1949-ல் நியூயார்க்கில் பிறந்து, ஃப்ளோரிடாவில் வளர்ந்தவர். நயாட் என்பது வளர்ப்புத் தந்தையின் குடும்பப் பெயர். கிரேக்கப் புராணத்தில் நதிகளிலும் சுனைகளிலும் வாழும் தேவதைகளுக்கும் கிட்டத்தட்ட இதே பெயர்தான். பெயர்ப் பொருத்தம் பிரமாதம்! பள்ளிக்கூட வயதில் ஒலிம்பிக் கனவோடு நீச்சல் குளத்தில் கிடந்த பெண். 1966-ல் இதயத்தில் கிருமித் தொற்று. மாதக்கணக்கில் படுக்கை. எழுந்து வந்தபோது பழைய வேகம் போயிருந்தது. ஒலிம்பிக்கும் போயிற்று.

வேகம் போனால் என்ன, தூரம் இருக்கிறதே! மாரத்தான் நீச்சலுக்கு மாறினார். 1975-ல் நியூயார்க்கின் மன்ஹாட்டன் தீவைச் சுற்றி 28 மைல். 7 மணி 57 நிமிடத்தில் ஒரு முழு வட்டம். பத்திரிகைகள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடின. மன்ஹாட்டனைச் சுற்றி நீந்திய முதல் பெண் தான்தான் என்று அம்மணி பல காலம் சொல்லிக்கொண்டும் இருந்தார். அது சரியில்லை. ஐடா எலியான்ஸ்கி என்கிற பெண் 1916-லேயே அதைச் செய்துவிட்டார். அவருக்குப் பிறகும் சிலர் செய்திருக்கிறார்கள். டயானாவின் சாதனை வேகத்தில்தான். இந்த விஷயத்தை ஒரு ஓரமாக முடிந்துவைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1977-ல் அமெரிக்க ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர், தன் நாட்டவர் கியூபாவுக்குப் போகக் கூடாது என்ற தடையை விலக்கினார். சாத்திக்கிடந்த கதவு ஒரு விரற்கடை திறந்தது. (1982-ல் ரீகன் வந்து மறுபடி சாத்திவிட்டார்.) அந்த இடுக்கில் 1978-ல் அடுத்தடுத்து இரண்டு பேர் புகுந்தார்கள்.

முதலில் போனவர் வால்டர் பொயனிஷ். ஒஹையோ மாநிலத்தில் ரொட்டி சுட்டுப் பிழைத்து, ஓய்வும் பெற்றுவிட்ட மனிதர். வயது அறுபதுக்கு மேல்! 1978 ஜூலையில் கியூபாவில் இறங்கி, சுறா நெருங்காத கூண்டுக்குள், காலில் ரப்பர் துடுப்பு மாட்டிக்கொண்டு நீந்தி, சுமார் 34 மணி நேரத்தில் ஃப்ளோரிடா தீவுகளுக்கு வந்து சேர்ந்தார். பேரன் பேத்திகளுக்குக் கதை சொல்ல வேண்டிய வயதில் ஒரு தாத்தா செய்த காரியம் இது. நியாயமாக உலகமே எழுந்து நின்று கைதட்டியிருக்க வேண்டும்.

ஆனால், அதே வழியில் நீந்த ஆகஸ்ட் மாதத்துக்கு நாள் குறித்துக் காத்திருந்தார் 28 வயது டயானா. துடுப்பு மாட்டிக்கொண்டு போனதெல்லாம் ஒரு நீச்சலா என்று அவர் தரப்பிலிருந்து கிண்டல் கிளம்பியது. பெரியவருக்கு மனசு விட்டுப்போனது. விவகாரம் கோர்ட் வரைக்கும் போனது. இளமை இருக்கிறதே... அதற்கு அடுத்தவர் மூட்டுவலி தெரியாது.

ஆகஸ்ட் 13-ஆம் தேதி டயானா கடலில் இறங்கினார். துடுப்பு கிடையாது. ஆனால் கூண்டு உண்டு. 40 அடி நீளம், 20 அடி அகலத்தில் இரும்புக் கூண்டு. படகு அதை இழுத்துக்கொண்டு போக, உள்ளே இவர் நீந்த வேண்டும். போட்ட கணக்கு தப்பவில்லை, காற்றுதான் சொன்னபடி கேட்கவில்லை. அலைகள் எழும்பி அவரைக் கூண்டின் கம்பிகளிலேயே மோதின. கிட்டத்தட்ட 42 மணி நேரம் போராடினார். அப்போதுதான் கூட வந்தவர்கள் கணக்குப் பார்த்தார்கள். ஃப்ளோரிடாவுக்குப் போக வேண்டியவர் மெக்சிகோ வளைகுடாவுக்குள், டெக்சாஸ் இருக்கும் திசையில் தள்ளப்பட்டுக்கொண்டிருந்தார். தூக்கிப் படகில் போட்டார்கள்.

மறுவருடம், 30-வது பிறந்தநாளை ஒட்டி, பஹாமாஸின் பிமினி தீவிலிருந்து ஃப்ளோரிடாவுக்கு 102 மைல் நீந்தினார். இருபத்தேழரை மணி நேரம், கூண்டு இல்லாமல். இந்தப் பக்கம் நீரோட்டம் அனுகூலமாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனாலும் 102 மைல் 102 மைல்தான். அத்தோடு கரையேறினார்.

அதன்பிறகு முப்பது வருடம் அவர் கடல் நீச்சல் பக்கமே போகவில்லை. டி.வி.யில் விளையாட்டு நிருபர், வானொலியில் வர்ணனையாளர், மேடைப் பேச்சாளர் என்று வாழ்க்கை வேறு தடத்தில் ஓடியது. மற்றவர்கள் ஜெயிப்பதையும் தோற்பதையும் பக்கத்தில் நின்று பார்த்து, மைக்கில் சொல்வதுதான் வேலை. 2007-ல் அம்மா இறந்துபோனார், 82 வயதில். அப்போது டயானாவுக்கு ஒரு கணக்கு உதித்தது. அறுபதை நெருங்கிவிட்டோம், அம்மாவின் வயதுதான் நமக்கும் என்றால் பாக்கி இருப்பது இருபத்திரண்டு வருடம். அதை என்ன செய்யப்போகிறோம்?

இந்தக் கேள்வி உங்களுக்கும் எனக்கும் வந்தால் காசி, ராமேஸ்வரம் என்று கிளம்புவோம், அல்லது பென்ஷன் பேப்பரைத் தேடுவோம். அவருக்கு கியூபா ஞாபகம் வந்தது!

இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்கள். அறுபது வயது உடம்பு என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். தசையின் திரட்சி குறைந்திருக்கும். உச்சகட்ட உழைப்பின்போது உடம்பு எவ்வளவு பிராணவாயுவைப் பயன்படுத்த முடியும் என்று ஒரு அளவு இருக்கிறது, அது வருடா வருடம் இறங்கிக்கொண்டே வரும். எல்லாவற்றையும்விட முக்கியம், சேதாரம் ஆறுவதற்குப் பிடிக்கும் காலம். இருபத்தெட்டில் ஒரே ராத்திரித் தூக்கத்தில் சரியாகிற தோள்வலி, அறுபதில் ஒரு வாரம் உட்கார்ந்துகொள்ளும். நீச்சல்காரருக்குத் தோள்தான் மூலதனம். மூன்று நாள் நீச்சல் என்றால் ஒவ்வொரு கையையும் பல்லாயிரம் முறை தலைக்கு மேலே தூக்கிப் போட வேண்டும். நம் வீட்டுப் பெரியவர்களைப் பரணிலிருந்து ஒரு பாத்திரத்தை எடுக்கச் சொல்லிப் பாருங்கள், தெரியும்.

குளிர் வேறு. கரீபியன் தண்ணீர் வெதுவெதுப்பானதாயிற்றே, குளிர் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். தண்ணீர் 30 டிகிரி என்றே வைத்துக்கொள்ளுங்கள். உடம்பு 37 டிகிரி. காற்றைப் போல சுமார் 25 மடங்கு வேகமாகத் தண்ணீர் சூட்டை உறிஞ்சும். நாள் கணக்கில் கிடந்தால் அந்த வெந்நீர்க் கடலிலேயே பல் கிட்டித்துக்கொள்ளும். வாய்க்குள் போகும் உப்புத்தண்ணீர் நாக்கையும் தொண்டையையும் வீங்கவைக்கும். வாந்தி வரும். சாப்பிட்டது தங்காது. சாப்பிடாமல் நீந்தவும் முடியாது.

ஆனால் வயதுக்கு ஒரு சலுகையும் உண்டு. நூறு மீட்டர் ஓட்டத்தில் அறுபது வயதுக்காரரால் இருபது வயதுக்காரரை நெருங்கக்கூட முடியாது. தூரம் நீள நீள அந்த இடைவெளி குறைந்துகொண்டே வரும். கடல் நீச்சலில் உடம்பின் கொழுப்பு கம்பளியாகிறது. மிதப்பதால் மூட்டுக்குப் பாரம் இல்லை. மற்றபடி எல்லாமே பொறுமைதான், அதாவது அலுப்பைத் தாங்கும் சக்தி. அது எந்த வயதில் அதிகம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நயாட் ஒருத்தர்தான் என்று நினைத்துவிடாதீர்கள். இங்கிலீஷ் கால்வாயில் இந்த விளையாட்டு ரொம்ப நாளாக நடக்கிறது. 2004-ல் அமெரிக்காவின் ஓய்வுபெற்ற விமானி ஜார்ஜ் பிரன்ஸ்டாட் 70 வயதில் நீந்திக் கடந்தார். 2011-ல் ரோஜர் ஆல்சொப் என்ற ஓய்வுபெற்ற பிரிட்டிஷ் டாக்டர், அவருக்கும் 70, சில மாத வித்தியாசத்தில் பிரன்ஸ்டாடை முந்தினார். 2014-ல் தென் ஆப்பிரிக்காவின் இருதய அறுவை சிகிச்சை நிபுணர் ஓட்டோ தானிங், 73 வயதில் சுமார் 13 மணி நேரத்தில் அக்கரை சேர்ந்தார். அவர் முதன்முதலில் அந்தக் கால்வாயைக் கடந்தது 1994-ல். இருபது வருடம் கழித்து அதே தண்ணீருக்குத் திரும்பி வந்திருக்கிறார். இருதயத்தைப் பற்றி நன்றாகத் தெரிந்தவரே துணிந்திருக்கிறார் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயம்.

சரி, ஹவானாவுக்குப் போவோம்.

இந்த முறை கூண்டு வேண்டாம் என்று டயானா முடிவெடுத்தார். காரணம் இருக்கிறது. 1997-ல் சூசி மரோனி என்ற 22 வயது ஆஸ்திரேலியப் பெண் கியூபாவிலிருந்து ஃப்ளோரிடாவுக்கு நீந்தி முடித்துவிட்டார், கூண்டுக்குள். இருபத்துநாலரை மணி நேரத்தில்! படகு இழுக்கும் கூண்டுக்குள்ளே தண்ணீரும் கூடவே இழுபட்டு வரும், நீந்துகிறவருக்கு அது உதவி. அதனால் கூண்டில்லாமல் கடக்கும் பெருமை மட்டும்தான் பாக்கியிருந்தது.

2010 முழுக்கப் பயிற்சி. 8 மணி நேரம், 12 மணி நேரம், 24 மணி நேரம் என்று கூட்டிக்கொண்டே போனார். அந்த வருடம் கியூபா அனுமதி சரியான நேரத்துக்கு வரவில்லை, கடல் சாதகமாக இருக்கும் பருவம் முடிந்துபோனது. 2011 ஆகஸ்டில் ஒருவழியாக இறங்கினார். தோள் வலி, ஆஸ்துமா, எதிர்க்காற்று. 29 மணி நேரத்தில் முடிந்தது. செப்டம்பரில் மறுபடியும் இறங்கினார். இப்போதுதான் அந்த ஜந்து வருகிறது.

நம் கடற்கரையில் சொறி மீன் பார்த்திருப்பீர்கள். கண்ணாடிப் பை மாதிரி ஒதுங்கிக் கிடக்கும். தொட்டால் அரிக்கும், அதனால்தான் அந்தப் பெயர். அதிலே பெட்டி வடிவத்தில் ஒரு வகை உண்டு. 24 கண்கள்! அலைபோகும் பக்கம் போகாமல் தானாக நீந்தக்கூடியது. உலகின் மிகக் கொடிய விஷ ஜந்துகளில் சில இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அதன் இழை மேலே பட்டால் கொதிக்கும் எண்ணெயில் கையை விட்டது போல இருக்கும் என்கிறார்கள். சிலருக்கு மூச்சுத் தசைகளே உறைந்துவிடும். அதிலும் ராத்திரியில்தான் அவை மேலே வரும். சுறாவை விரட்ட மின்கருவி இருக்கிறது, முக்குளிப்பவர்கள் இருக்கிறார்கள். இதை எதை வைத்து விரட்டுவது? இதற்கு டயானாவின் பயிற்சிக் குறிப்பில் பதிலே இல்லை. முகம், கழுத்து, கை எல்லாம் சவுக்கடி. அப்படியும் 40 மணி நேரம் வரைக்கும் போனார் என்பதை நம்பவே கஷ்டமாக இருக்கிறது. பிறகு வெளியே இழுத்தார்கள்.

2012 ஆகஸ்டில் நாலாவது முறை. 63-வது பிறந்தநாளுக்கு முந்தின நாள், மறுபடி சொறி மீன், கூடவே இடி மின்னலுடன் புயல். தூக்கிவிட்டார்கள்.

இதற்கிடையில் போட்டியாளர்கள் வேறு. 2012-ல் பென்னி பால்ஃப்ரே என்கிற கைதேர்ந்த வீராங்கனை, வயது 49, நாற்பது மணி நேரத்துக்கு மேல் நீந்தி நீரோட்டத்திடம் தோற்றார். 2013 ஜூனில் ஆஸ்திரேலியாவின் க்ளோயி மக்கார்டெல், வயது 28, இறங்கிய 11 மணி நேரத்திலேயே சொறி மீன் கொட்டி வெளியேறினார். 1978-ல் டயானாவுக்கு இருந்த அதே வயது! இளமைக்கு இந்தக் கடலில் தனி மரியாதை இல்லை என்று தெரிந்துபோனது.

நாலு தோல்விக்குப் பிறகு டயானா செய்த காரியத்தைத்தான் நான் இந்தக் கதையின் மையம் என்று நினைக்கிறேன். இன்னும் கடுமையாகப் பயிற்சி எடுத்தார் என்று எழுதிவிட்டுப் போகலாம். எடுத்தார்தான். ஆனால் ஜெயிக்கவைத்தது அது இல்லை. தனக்குத் தெரியாததைத் தெரிந்தவர்களிடம் போய்க் கேட்டார்.

ஹவாய் பல்கலைக்கழகத்தில் ஏஞ்சல் யானகிஹாரா என்ற விஞ்ஞானி, பெட்டிச் சொறி மீனின் விஷத்தைப் பற்றியே ஆராய்ச்சி செய்பவர். அவர் கப்பலேறி வந்தார். மேலே தடவ ஒரு களிம்பு தயாரித்தார். உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை மூடும் உடை, கையுறை, காலுறை தைத்தார்கள். முகத்துக்கு மட்டும் என்ன செய்வது? மூச்சு விட வேண்டுமே! அவர் முகத்துக்கு அளவெடுத்து சிலிக்கானில் ஒரு முகமூடி செய்தார்கள், வாய்க்கு மட்டும் ஓட்டை. பார்க்க பேய்ப்படத்தில் வருகிறவர் மாதிரி இருந்தது. அதை மாட்டிக்கொண்டால் வேகம் குறையும், வாயை அறுக்கும், உப்புத்தண்ணீர் இன்னும் அதிகமாக உள்ளே போகும். இருபத்தெட்டு வயது டயானா இதையெல்லாம் தொட்டிருப்பாரா? சந்தேகம்தான். துடுப்பையே கிண்டலடித்தவராயிற்றே!

வழிகாட்டி ஜான் பார்ட்லெட், கல்ஃப் ஸ்ட்ரீமை ஜோசியர் ஜாதகம் பார்ப்பது போல நாள் நாளாகப் பார்த்தார். எந்த நாளில் அது சுழிக்கிறது, எந்த நாளில் வடக்கே முகம் திருப்புகிறது என்று. கூடவே பான்னி ஸ்டோல். டயானாவின் நெடுநாள் தோழி, ராக்கெட் பால் விளையாட்டில் ஒரு காலத்தில் பெரிய கை. கடல் நீச்சலுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. ஆனால் டயானாவுக்கும் அவருக்கும் சம்பந்தம் உண்டு. எப்போது சாப்பிடவைப்பது, எப்போது திட்டுவது, எப்போது நிறுத்தச் சொல்வது என்று அவருக்குத்தான் தெரியும். மொத்தம் 35 பேர் படை.

2013 ஆகஸ்ட் 31, காலை 8.59. ஹவானாவில் ஹெமிங்வே மரினா என்ற படகுத்துறை. இதே நீரோட்டத்தில் மீனோடு மல்லுக்கட்டிய கிழவனைப் பற்றி 1952-ல் நாவல் எழுதினாரே, அந்த ஹெமிங்வேயின் பெயர்தான். அங்கிருந்து குதித்தார் டயானா. அறுபத்துநாலு வயது முடிந்து ஒன்பது நாள்.

பகலில் படகிலிருந்து ஒரு வெள்ளை நாடாவைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டார்கள். அதைப் பார்த்துக்கொண்டே நீந்த வேண்டும், ரயில் தண்டவாளம் போல. ராத்திரியில் அதே இடத்தில் சின்னச் சின்ன சிவப்பு விளக்குகள். வேறு வெளிச்சம் கூடாது, வெளிச்சத்தைத் தேடி சொறி மீனும் சுறாவும் வரும். கும்மிருட்டு. காதில் தண்ணீரின் சத்தம் மட்டும். மனசுக்கு என்ன தீனி? தலைக்குள்ளேயே பாட்டு ஓடவிட்டார், எண்பது பாட்டுக்கு மேல் பட்டியல் வைத்திருந்தார். பாட்டு தீர்ந்தால் எண்ணிக்கை, அதுவும் ஆங்கிலம், ஜெர்மன், ஸ்பானிஷ், ஃப்ரெஞ்ச் என்று மாற்றி மாற்றி. குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை படகின் பக்கத்தில் மிதந்தபடியே ஆகாரம். படகைப் பிடிக்கக் கூடாது. தொங்கக் கூடாது.

இந்த முறை கல்ஃப் ஸ்ட்ரீம் கருணை காட்டியது. பார்ட்லெட் பார்த்துக் கொடுத்த நாளில் நீரோட்டம் பெருமளவு அவர் போகவேண்டிய திசையிலேயே இழுத்தது. இரண்டாவது ராத்திரி தாண்டி, மூன்றாவது நாள் விடிந்தது. செப்டம்பர் 2, பிற்பகல் இரண்டு மணிக்குச் சற்று முன். 52 மணி 54 நிமிடம், 110 மைல். கீ வெஸ்ட் கடற்கரையில் ஜனத்திரள். உதடு தடித்து, முகம் உப்பி, வெயிலில் வெந்து, தள்ளாடித் தள்ளாடி மணலுக்கு ஏறி வந்தார் ஒரு பாட்டி. நாக்கு குழறியது. மூன்று விஷயம் சொன்னார். விட்டுவிடக் கூடாது. கனவுக்கு வயதில்லை. மூன்றாவதாக, இது தனியாள் விளையாட்டு மாதிரி தெரிகிறது, ஆனால் ஒரு கூட்டமே சேர்ந்தால்தான் முடியும் என்றார். முதல் இரண்டையும்தான் எல்லோரும் பனியனில் அச்சடித்துக்கொண்டார்கள். எனக்கென்னவோ அந்த மூன்றாவதுதான் முப்பத்தைந்து வருடத்துச் சம்பாத்தியம் என்று தோன்றுகிறது.

சுபம் போட்டு முடிக்கலாமா? முடியாது. முடிந்துவைத்துக்கொள்ளச் சொன்னேனே, அதை இப்போது அவிழ்க்க வேண்டும்.

கரையேறிய சில நாட்களிலேயே மாரத்தான் நீச்சல்காரர்கள் மத்தியில் முணுமுணுப்பு எழுந்தது. சில மணி நேரங்களில் வேகம் திடீரென்று இரண்டு மடங்கானது எப்படி? நீரோட்டம் என்றார் பார்ட்லெட். நீரோட்டத்தைக் கணக்கிட்டுப் பார்த்த சில நிபுணர்களும் அது சாத்தியம்தான் என்றார்கள். உடை மாட்டிவிடும்போது உதவியாளர்களின் கை பட்டதே, அது உதவி இல்லையா? உடை மாட்டுவதற்குத் தொட்டது நிஜம்தான், அது நீந்த உதவியதாகாது என்றது டயானா தரப்பு. பதிவுக் குறிப்பில் சில மணி நேரங்களுக்கு விவரமே இல்லையே? இதற்கு மட்டும் திருப்தியான பதில் வரவில்லை. கடல் நீச்சலில் ஸ்டேடியம் கிடையாது, கேமரா வரிசை கிடையாது. படகில் உட்கார்ந்து ஒரு நடுநிலையாளர் எழுதும் நோட்டுப் புத்தகம்தான் சாட்சி. அந்த நோட்டில் பக்கம் குறைந்தால் உலகமே கைதட்டினாலும் சாதனை ஏறாது. மன்ஹாட்டன் போன்ற பழைய மிகைக்கூற்றுகளும் இந்த நேரத்தில் எழுந்து வந்து எதிர்சாட்சி சொல்லின. ஒரு சாட்சி முன்னொரு சமயம் மிகைப்படுத்தியது தெரிந்தால் கோர்ட்டில் என்ன நடக்கும்? அதுதான் நடந்தது.

2023-ல் அவர் கதை சினிமாவாக வந்தது. அன்னெட் பெனிங் டயானாவாகவும், ஜோடி ஃபாஸ்டர் பான்னியாகவும் நடித்தார்கள், இருவருக்கும் ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. அதே வருடம் உலகத் திறந்தவெளி நீச்சல் சங்கம், ஆவணங்களையெல்லாம் மறுபடி புரட்டிப் பார்த்துவிட்டு, இந்த நீச்சலை அங்கீகரிக்க முடியாது என்று அறிவித்தது. அவர் ஏமாற்றினார் என்று யாரும் நிரூபிக்கவில்லை. ஆதாரம் முழுமையாக இல்லை, அவ்வளவுதான்.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், அந்தப் பாட்டி நீந்தித்தான் வந்தார். முப்பத்தைந்து பேரும் வருடக்கணக்காக ஒரே பொய்யைக் கட்டிக் காப்பது நடக்கிற காரியமில்லை. அதே சமயம் சங்கத்தின் தீர்ப்பும் தப்பில்லை. நாளைக்கு இன்னொருத்தர் அதே கடலில் முழு நோட்டுப் புத்தகத்தோடு வருவார் அல்லவா, அவருக்கு நியாயம் செய்ய வேண்டுமே. 1978-ல் துடுப்பைக் காரணம் காட்டி ரொட்டிக்கடைப் பெரியவரின் நீச்சலைக் கணக்கில் சேர்க்க மறுத்தவர், கிட்டத்தட்ட அதே வயதில், முகமூடிக்கும் களிம்புக்கும் கைபட்டதற்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க நேர்ந்தது. பொயனிஷ் அதைப் பார்க்க இல்லை. ஜான் பார்ட்லெட்டும், கீ வெஸ்ட்டில் கரையேறிய அதே வருடம் டிசம்பரில் காலமானார்.

டயானா? கீ வெஸ்ட்டில் முகவீக்கம் வடிந்து ஒரு மாதம் ஆனதும், 2013 அக்டோபரில், நியூயார்க்கின் ஹெரால்ட் சதுக்கத்தில் நடுரோட்டில் ஒரு தற்காலிக நீச்சல் தொட்டி கட்டினார்கள். இரண்டே இரண்டு தடம். முந்தின வருடம் சாண்டி புயலில் வீடிழந்தவர்களுக்கு நிதி திரட்ட, அதில் 48 மணி நேரம் இடைவிடாமல் நீந்தினார். சுற்றிலும் டாக்ஸி ஹாரன், மழைத் தூறல், கடைக்குப் போகிறவர்கள். பக்கத்துத் தடம் யார் வேண்டுமானாலும் இறங்கிக் கொஞ்ச தூரம் கூட நீந்துவதற்கு. புயலில் அடிபட்டவர்கள், தீயணைப்பு வீரர்கள், பிரபலங்கள் என்று ஒருவர் மாற்றி ஒருவர் இரண்டு நாளும் இறங்கிக்கொண்டே இருந்தார்கள்.